பெயரெச்சம்

விதர்ன்சீ நூலகத்தின் பின்னறை,
சனிக்கிழமை, பதினோரு மணி.
ஐஸ்கிரீம் டப்பாவை மேசைமேல் கவிழ்க்கிறார்
கென்னத் பிளெங்கின், ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர்.
நாற்பத்தொரு துண்டுகள்.
கூடவே ஒரு கை மணல்.

"எல்லாவற்றுக்கும் பெயர் வேண்டும்."

தெரிந்த முகங்களை முதலில் எடுக்கிறேன்.
தோட்டா போல் கூர்ந்தது பெலம்னைட்,
கணவாய்க்குத் தூரத்துச் சொந்தம்.
இந்தத் தடித்த சிப்பி
இவ்வூர் வாயில் சாத்தானின் கால்நகம்.
வெட்டி நாளாயிற்று போல, என்கிறேன்.
அவர் சிரிக்கவில்லை.
குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறார்.

மற்றவை
கடல் கற்கண்டாய்ச் சப்பித் துப்பியவை.
வரி போய், விளிம்பு போய்,
எது மேல் எது கீழ் என்பதும் போய்.
ஒன்றை நனைத்தால்
பவளத்தின் தேன்கூட்டுக் கண்கள் திறக்கின்றன;
ஈரம் காய்வதற்குள் எண்ண வேண்டும்.

எலும்பா கல்லா?
நாக்கில் ஒட்டினால் எலும்பு என்பது பழைய சோதனை.
எச்சில் பண்ணாதே என்று வளர்க்கப்பட்டவள்
ஓர் அந்நியர் பார்த்திருக்க
எச்சத்தை நக்குகிறேன்.
ஒட்டுகிறது, லேசாக.
கேரம் காய் அளவு வட்டம்,
இருபுறமும் குழி:
மீன்பல்லியின் முதுகெலும்பு.

கழுத்தா, வாலா, எந்த இனம்
என்று சொல்லும் மேடுகளை அலை மழித்துவிட்டது.
ஏழாம் வகுப்பு இலக்கணம் நினைவில் வருகிறது:
முடியாமல் நின்று
ஒரு பெயருக்குக் காத்திருக்கும் சொல்.
நீந்திய.
கடித்த.
கடலிலேயே குட்டி ஈன்ற.
சீட்டில் எழுதுவது மட்டும்
"முதுகெலும்பு. மேற்கொண்டு கூற இயலாது."

"இங்கத்தியதா?"
இல்லை. வடக்கிலிருந்து பனி அரைத்து இழுத்துவந்து
இந்தக் களிமண்ணில் போட்டுவிட்டுப் போனது.

நாற்பத்திரண்டாவது அவர் சட்டைப்பையில் இருந்தது,
கைக்குட்டையில் சுற்றி.
செம்பழுப்பு, நுண்துளைகள், விரல் நீளம்.
"விலா எலும்பு," என்கிறார், எனக்கு முன்பாகவே.
நாக்கில் வைத்தேன்.
மற்ற எதையும்விட இறுக்கமாக ஒட்டியது.

சுட்ட மண்ணும் ஒட்டும், மிஸ்டர் பிளெங்கின்.
இது கூரை ஓடு.

வருந்துவார் என்று காத்திருந்தேன்.
அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
கேரவன் பூங்காவுக்குக் கீழே எடுத்தது.
மேலே இருந்த சாலை இப்போது இல்லை.
எழுபத்தொன்றாம் எண்ணின் கடைசி நிறுத்தம் அங்கே,
ஓடு வேய்ந்த நிழற்குடை.
ஒரு பிப்ரவரியில் நிறுத்தமும் கடலுக்குள் இறங்கிவிட்டதால்
பயணிகளைப் பாதி வழியில் இறக்கிவிட்டுத் திரும்பினாராம்.

"வேறு வீட்டு ஓடாகவும் இருக்கலாம்," என்றேன்.
"இருக்கலாம்," என்றார்.
"எழுதுங்கள்."

எழுதினேன். இந்த ஒன்றுக்கு மட்டும்
சீட்டில் இடம் போதவில்லை.

நாக்கில் இன்னும் செம்மண் கரகரப்பு.
வாசலில் அடுத்தவர்,
கையில் ஒரு வாளி.