இடதுகைத் தையல்

பெட்டியில் ஏழு போர்வைகள் இருந்தன.
அந்துருண்டை வாசனையோடு ஒவ்வொன்றாய் எடுத்துக்
கட்டிலில் போட்டேன்.
ஆக்லாந்திலிருந்து வந்த தம்பி
பயணச் சட்டையைக்கூட மாற்றாமல் கேட்டான்:
"எல்லாவற்றையுமா குழிக்குள் போடுவீர்கள்?"

எல்லாம் இல்லை.
ஒன்று உன் மனைவிக்கு, ஒன்று போதகருக்கு.
மற்றவை அம்மாவோடு.
அவளுடைய அம்மாவோடு எட்டு போயின,
அதற்கு முந்தியவளோடு ஐந்து.
அட்டியூவில் மண் யாரையும் வெறும் உடம்பாய்த் தொடுவதில்லை.

ஏழாவது, நான் பார்த்திராதது.
கடைமடிப்புகூடக் கலையாத புதுவெள்ளைமேல்
பச்சை ஈரப்பலா இலைகள்.
நாலாய் மடித்து, திரும்பவும் மடித்து
ஒரே வெட்டில் விரிந்தவை.

இந்த இலைக்காகத்தான்
அம்மாவும் ஙாபோக்கோ சித்தியும்
பதினோரு வருடம் பேசவில்லை.
"அது என் வெட்டு" என்றாள் ஒருத்தி.
"உன் வெட்டென்றால் கத்தரிக்கோல் ஏன் என்னுடையது?" என்றாள் மற்றவள்.
தேவாலயத்தில் ஒரே பெஞ்சின் இரு முனைகளில்
உட்கார்ந்து பாடினார்கள்.
சுருதி மட்டும் சேர்ந்தது.

விளிம்பைத் தடவிக்கொண்டே போன என் விரல்
ஒரு மூலையில் நின்றது.
அங்கே தையல் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது,
காற்று மாறியதும்
நங்கூரமிட்ட படகுகளெல்லாம் திரும்பி நிற்பதுபோல.
எங்கள் குடும்பத்தில் இடதுகைக்காரி ஒருத்திதான்.

"துணியை யார் கொண்டுபோனது?"
பக்கத்துவீட்டு தெரெய்
வாய் நிறையத் தேங்காயோடு சொன்னான்:
"நான்தான். மாவு டின்னுக்குள்ளே வைத்து.
மூன்று தடவை.
உங்கம்மா இருபது சென்ட் தந்தார்.
அந்தம்மா, அவர் எவ்வளவு தந்தார் என்று கேட்டுவிட்டு
ஐம்பது."

மாலையில் சித்தி வந்தாள்.
முற்றத்தில் குழி வெட்டியவர்கள்
கயிற்றோடு காத்திருந்தார்கள்.
சவப்பெட்டியில் அம்மா, கழுத்துவரை இலைகள்.
அழுவாள் என்று எல்லோரும் இடம்விட்டு நின்றோம்.
அவள் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள்.

மேலிருந்து நாலாவது இலையின் நரம்பில்
நூல் விட்டிருந்தது.
ஓலைத்தொப்பியில் குத்தியிருந்த ஊசியை உருவினாள்.
அதில் பச்சை நூல்
ஏற்கெனவே கோத்திருந்தது.
மூன்று தையல்.
பல்லால் கடித்து அறுத்தாள்.

பிறகு, என்னைப் பார்த்து,
ஆனால் அம்மாவுக்குக் கேட்கிற குரலில்:
"இவள் போடுகிற முடிச்சு
எப்போதுமே இப்படித்தான்."