வாய்ப்பு உண்டு

விற்பனைத் தாளின் கடைசியில் ஒரு வரி:
பின்புறம் விரிவாக்க வாய்ப்பு உண்டு.
ட்ரியோர்க்கி மலைச்சரிவில்
தோளோடு தோள் ஒட்டிய வீடுகளில் ஒன்பதாவது.
கூரைக்கு வயது போட்டிருந்தார்கள்,
கொதிகலனுக்கு உத்தரவாதம் போட்டிருந்தார்கள்,
வாய்ப்புக்கு எதுவும் போடவில்லை.

அதே தெருவில் அந்த வரி இல்லாத வீடு
போன இலையுதிர்காலத்தில்
ஆறாயிரம் பவுண்டு குறைவாகப் போனது.
அப்படியானால் ஆறாயிரம்,
இரண்டு சொல்லுக்கு.

கெதின் டேப்பை விரித்தான்.
தரகர்ப் பெண் கெரிஸ் காலணி நனையாமல்
சமையலறை வாசலிலேயே நின்றாள்.
நான்கு மீட்டர் நீளம், மூன்று அகலம்.
சாக்பீஸால் கோடு இழுத்தோம்,
தூறல் பின்னாலேயே அழித்துக்கொண்டு வந்தது.
மூலையில் என் நாற்காலி.
ஆம்புலன்ஸ் அழைப்புகளுக்கு இரவெல்லாம் பதில் சொல்லிவிட்டு
வீடு வரும் எனக்கு,
இந்தப் பள்ளத்தாக்கில் காலை வெயில்
ஒரு மணி நேரம் தங்கும் ஒரே இடம் அது.

இரவு கணக்கு.
சேமிப்பு ஐம்பத்திரண்டாயிரம்.
முன்பணமும் வக்கீலும் வீட்டை ஆராய்பவரும் போக
முப்பத்தைந்தாயிரம்.
சதுர மீட்டருக்கு இரண்டாயிரத்து நானூறு,
அதன்மேல் ஐந்தில் ஒரு பங்கு வரி,
அதன்மேல் நூற்றுக்குப் பதினைந்து
எதிர்பாராததற்கு.
"எதிர்பார்த்து ஒதுக்கிவிட்டால்
அது எப்படி எதிர்பாராதது?" என்றேன்.
டயர் கடைக்குக் கணக்கு எழுதுகிறவன்
சிரிக்கவில்லை.
வரைபடக்காரருக்கு ஆயிரத்து எண்ணூறு சேர்த்தான்.
ஆறாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம்
துண்டு விழுந்தது.

"விலையில் அதைக் குறைக்கச் சொல்லலாமே!"
நான் குதித்தேன்.
அவன் பென்சிலைத் திருப்பித் தலையைச் சொறிந்தான்.
"குறைத்தாலும்
நம் கையில் மிஞ்சுவது அறுநூற்று ஐம்பது.
மற்றதெல்லாம் கடனில் குறையும்.
கடன் குறைந்தால்
கொத்தனாருக்கு என்ன கொடுப்பாய்,
வட்டி மிச்சத்தையா?"

அதற்குப் பிறகு வெகுநேரம்
குளிர்சாதனப் பெட்டி மட்டும் பேசியது.

விரலுக்குத் தகுந்த வீக்கம்.
மூன்று மீட்டரை இரண்டரை ஆக்கினான்.
முப்பத்து நான்காயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது.
எண்பது பவுண்டு மிச்சம்!
அவன் முகத்தில் பந்தயம் ஜெயித்த களை.
நான் தாளில் அந்த அரை மீட்டரைப் பார்த்தேன்.
சரியாக ஒரு நாற்காலி அகலம்.

மறுபடி போனபோது
பாசி படிந்த இரும்பு மூடியைக் காட்டினார்
வீட்டுக்காரர் ப்ரிதெர்க்.
தெருவின் மேற்பகுதி வீடுகளின் கழிவெல்லாம்
அதற்கடியில் போகிறதாம்.
அளந்தோம்.
மூன்று மீட்டர் அறைக்கு மூடி உள்ளே.
இரண்டரைக்கு, சுவரிலிருந்து ஒரு சாண் வெளியே.
நாற்காலி போட்டிருந்தால்
பதினோரு குடும்பத்துத் தண்ணீர்மேல்
வெயில் காய்ந்திருப்பேன்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது,
நேற்றிரவுக்கும் சேர்த்து.

குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்க்க
இருநூற்று அறுபது.
விலையில் இரண்டாயிரம் குறைத்தார் ப்ரிதெர்க்,
அதனால் முன்பணத்தில் இருநூறு கைக்கு வந்தது.
கூட்டிக் கழித்து மிச்சம் இருபது.

குறைத்ததற்கு ஒரே ஒரு நிபந்தனை.
அஸ்திவாரம் வெட்டப்போகிற இடத்தில்தான்
அவருடைய ரூபார்ப் நிற்கிறது.
சிவந்த தண்டுகள், யானைக்காது இலைகள்.
ஜூன் வரைக்கும் மண்ணைத் தொடக்கூடாது.
சனிக்கிழமைதோறும் வந்து பறித்துக்கொள்வார்,
நமக்கும் பாதி.

சரி என்று கை கொடுத்தேன்,
கெதினைக் கேட்காமலே.

அன்றிரவு கணக்குத் தாளில்
கீழே ஒரு வரி சேர்த்தேன்:
ரூபார்ப், ஜூன் முடிய.
தொகைக் கட்டத்தில் என்ன போடுவது?
கெதின் யோசித்து, மிச்சமிருந்த இருபதைப் போட்டான்.
"சும்மா தின்ன முடியாது, அவ்வளவு புளிப்பு.
சர்க்கரைக்கு."