இரண்டாம் தவணை

லிங்கராஜபுரம் மேம்பாலம் இறங்கினால்
தையல் மெஷின் ரிப்பேர் கடைக்கு மேலே
எங்கள் அறை.
வியாழன் மூன்று மணிக்குக் கூடுவோம்,
பள்ளி விடும் முன்,
ஷிப்ட் முடிந்து அவர்கள் வீடு திரும்பும் முன்,
யாருக்கும் கணக்குச் சொல்லத் தேவையில்லாத
ஒன்றரை மணி நேரம்.

கணக்கு எழுதுவது நான்.

டீ, பதினோரு கிளாஸ்.
பிஸ்கட், இரண்டு பாக்கெட்.
பாய் ஒன்று, தில்ஷாத்துக்கு.
அவளால் நாற்காலியில் முதுகு சாய்க்க முடியாது.
'பாய் ஏன்?' என்று ஆடிட்டர்
பென்சிலில் எழுதியிருக்கிறார்.

எதிராஜம்மா ஏழு வாரம் வந்தாள்.
ஏழு வாரமும் வாய் திறக்கவில்லை.
குடித்த கிளாஸைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு,
எங்களுடையதையும் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவாள்.
எட்டாம் வாரம்
தன் கிளாஸை அப்படியே தரையில் விட்டுவிட்டு
எழுந்து போனாள்.
நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.
படிவத்தில் கட்டங்கள் மூன்று:
ஆலோசனை பெற்றவர்
சட்ட உதவி பெற்றவர்
மறுவாழ்வு பெற்றவர்.
கழுவாத கிளாஸை எதில் எழுத?

ஜூலையில் ஒரு ராத்திரி, இரண்டே கால் மணி.
ஜெசிந்தா வந்தாள், இரண்டு பிள்ளைகளும்
ஒரு பிரஷர் குக்கரும்.
குக்கர் எதற்கென்று யாரும் கேட்கவில்லை.
ஆட்டோக்காரர் காசு வாங்க மாட்டேன் என்றார்.
வாங்காத காசுக்கு வவுச்சர் ஏது?
பயணச் செலவு: பூஜ்யம் என்று எழுதினேன்.
தேவைப்படவில்லை போலும் என்று
அடுத்த வருடம் அந்தத் தலைப்பையே
அடித்துவிட்டார்கள்.

எம்.எஸ். பில்டிங், ஐந்தாம் மாடி.
நாளே பன்னி, என்பார்கள்.
முதல் தடவை எனக்குச் சிரிப்பு வந்தது, தமிழ்க் காது.
ஆறாம் தடவை வரவில்லை.

இந்தப் பக்கமெல்லாம் ஒரு காலத்தில்
வீட்டுக் கதவுகளில் எழுதி வைப்பார்களாம்:
நாளே பா.
நாளைக்கு வா.
ராத்திரி வந்து தட்டும் பேய்
அதைப் படித்துவிட்டுத் திரும்பிப் போகும்.
மறுநாளும் வரும், மறுநாளும் படிக்கும்.
எழுதப் படிக்கத் தெரிந்த பேய்.
ஃபைலை மார்போடு அணைத்து
பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானம்
அவள்மேல் எனக்குப் பாசம் வந்தது.
யாரிடமிருந்தோ தப்பித்துத்தான் ஓடி வந்திருப்பாள்.
தங்க இடம் கேட்டுத்தான் தட்டியிருப்பாள்.
ஊரே சேர்ந்து பேய் என்றிருக்கும்.

பிறகு ஒரு சுற்றறிக்கை:
மதிப்பூதியம் பெறுபவரைப்
பயனாளியாகக் காட்டக் கூடாது.
பதிவேட்டைத் திறந்தேன்.
வரிசை எண் நான்கு. கனகவல்லி. வயது இருபத்தொன்பது.
இடது மணிக்கட்டு, இரண்டு இடத்தில் முறிவு.
ஸ்கேல் வைத்து என் பெயர்மேல் கோடு இழுத்தேன்.
ஸ்கேலைப் பிடித்தது அந்தக் கைதான்.
கூட்டலில் ஒன்று குறைந்தது.

பணம் வந்தது
மார்ச் இருபத்தெட்டு, வெள்ளி, சாயங்காலம்.
முப்பத்தொன்றுக்குள் செலவாக வேண்டும்,
இல்லையென்றால் திரும்பப் போய்விடும்.
பதினோரு மாத வாடகைப் பாக்கிக்குச் செல்லாது.
இருட்டிய பின் போகும் ஆட்டோவுக்குச் செல்லாது.
விழிப்புணர்வுப் பொருட்களுக்குச் செல்லும்.
நானும் தில்ஷாத்தும் சிவாஜி நகர் போய்
நாற்பது பூட்டு வாங்கினோம்,
உள்ளே போடுகிற மாதிரி.
பில்லில் என்ன எழுத என்றார் கடைக்காரர்.
விழிப்புணர்வு என்றாள் தில்ஷாத்.
அவர் எழுத்துப் பிழையோடு எழுதிக் கொடுத்தார்.

இன்று வியாழன்.
மாடிப்படியில் பழக்கமில்லாத செருப்புச் சத்தம்,
பாதியில் நிற்கிறது.
யாரும் எழுந்து போகவில்லை.
போனால் இறங்கிவிடுவாள் என்று தெரியும்,
நாங்களும் அங்கே நின்றவர்கள்தான்.
எதிராஜம்மா இன்னொரு கிளாஸ் டீ ஊற்றி
ஆறாமல் மேலே ஒரு தட்டு போட்டு மூடி வைக்கிறாள்.
கதவு திறந்தே இருக்கிறது.