கட்டத்துக்குள் எழுதவும்

வரிப் படிவத்தில் தொழில் என்றொரு கட்டம்.
பத்தொன்பது வருஷம்
'பல் மருத்துவமனை வரவேற்பாளர்' என்று
யோசிக்காமல் எழுதிய கை
இந்த ஏப்ரலில்
பேனாவை மூடுகிறது, திறக்கிறது, மூடுகிறது.

டுலூத்தில் ஏரி இன்னும் பாதி உறைந்து கிடக்கிறது.
இரும்புத்தாது ஏற்றப்போகும் முதல் கப்பலுக்காகப்
பாலம் காத்திருக்கிறது.
எப்போது வரும் என்று மார்லிஸ் ஹௌகனை
யாரும் கேட்கவில்லை.
துறைமுக அலுவலகத்தில் அதற்கு அட்டவணை இருக்கிறது.

வேலையை விட்ட அன்று
அசரீரி எதுவும் கேட்கவில்லை அவளுக்கு.
கேட்டதெல்லாம் சம்பள உயர்வு பற்றி
டாக்டர் ஸ்விகும் சொன்ன நான்கு சொல்:
"அடுத்த வருஷம் கட்டாயம் பார்ப்போம்."
அந்த அடுத்த வருஷம் வராது என்பது மட்டும்
பட்டப்பகல் போலத் தெரிந்தது.

"மருத்துவக் காப்பீடு?" என்றான் கணவன் கோர்டி.
வேறொன்றும் கேட்கவில்லை.
குளிர்காலம் முழுக்கப் பனி வாரும் வண்டி ஓட்டுபவன்;
முன்னால் இருப்பது எதுவும் தெரியாமல்
சம்பளம் வாங்குவது எப்படி என்று
அவனுக்கும் தெரியும்.

தூண்டில் புழு விற்கும் கடைக்கு மேல் ஓர் அறை.
இரண்டு நாற்காலி. சுடுநீர்க் கெண்டி.
கண்ணைத் துடைக்கும் காகிதம்,
மொத்த விலையில் இரண்டு டஜன் பெட்டி.
கண்ணாடிக் கோளமும் ஒன்று வாங்கினாள்.
ஒரு மத்தியான வெயில் அதற்குள் நுழைந்து
திரைச்சீலையில் ஓட்டை போட்டது.
வரப்போவதை அது சொல்லவில்லை.
இப்போது அலமாரியில், கோர்டியின் காலுறைக்குள்.

முதல் வாரம், இரண்டு மணிக்கு வரவேண்டியவர் வரவில்லை.
"வரமாட்டான்னு தெரியலையா?"
கீழிருந்து புழுக்கடை ஆர்வித் சிரித்த சிரிப்பில்
படிக்கட்டு அதிர்ந்தது.
ஊருக்கெல்லாம் சொல்லும் பல்லி
கழுநீர்ப் பானையில் விழுந்து எழுந்து
சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டியது:
கட்டணம் முன்பணமாக.

உண்மையில் அவளுக்குத் தெரிந்தது இது:
பெயர் கூப்பிடுமுன் எழுந்து ஓடப்போகிறவர் யார்,
கோட்டைக் கழற்றாமல் உட்காருகிறவர் யார்,
வலி வருமுன்பே வலிக்கும் தாடை எது.
வரவேற்பு மேசை கற்றுக்கொடுத்தது.
மற்றது,
யாருடையதோ ஈரக் கம்பளி வாசனை,
தான் கேட்டேயிராத ஒரு பெயர் நாக்கின் நுனியில்,
அதெல்லாம் வருஷத்தில் மூன்று தடவை வந்தால் அதிகம்.
அதற்கு அரைமணி அறுபது டாலர் என்று
விலைப்பட்டியல் போட முடியாது.
போட்டிருந்தாள்.

செவ்வாய் மூன்று மணி: டார்லீன் புக்கிலா.
பதினான்கு மாதம், ஒரே கேள்வி.
அலாஸ்காவில் மீன்பிடிக் கப்பலேறிய மகன்
கூப்பிடுவானா?
"வசந்தத்தில்" என்றிருக்கிறாள் மார்லிஸ்.
"மனசுக்குள் பேசிக்கொண்டுதான் இருக்கிறான்"
என்றும் இருக்கிறாள்.
ஒரு நாள் கணக்குப் புத்தகத்தில்
செவ்வாய்களை மட்டும் கூட்டிப் பார்த்தாள்.
வாடகை.
சில்லறை பிசகாமல் வாடகை.

அடுத்த செவ்வாய் சொன்னாள்:
"எனக்கு எதுவும் தெரியவில்லை, டார்லீன்.
ஒரு தடவைகூடத் தெரிந்ததில்லை.
நீங்களே கூப்பிடுங்கள்."
முன்பணத்தைத் திருப்பித் தள்ளினாள்.
டார்லீன் அதைத் தொடவில்லை.
கையுறையை ஒவ்வொரு விரலாக மாட்டினாள்.
படியிறங்கும் சத்தம்.
அதற்குப் பிறகு வரவில்லை.

கூப்பிட்டாளா, அவன் எடுத்தானா,
மார்லிஸுக்குத் தெரியாது.
அறுபது டாலர் கொடுத்து யாரிடமாவது
கேட்க வேண்டும்போல் இருக்கும், சில இரவுகள்.

வாடகைக்கு இப்போது ஒருத்தி போய் நான்கு பேர்.
சனிக்கிழமையும் திறக்கிறாள்.
செவ்வாய் மூன்று மணி மட்டும் நாட்காட்டியில் காலி.
ஏன் என்று கோர்டி கேட்டதில்லை.

பேனாவைத் திறக்கிறாள்.
குறிசொல்பவர், முழுநேரம்
என்று எழுதி முடிக்கும்போது
ஜன்னல் அதிரக் கப்பலின் ஊதல்.
பாலம் எழும்புகிறது.
திடுக்கிட்டதில்
கடைசி எழுத்திலிருந்து ஒரு கோடு
கட்டத்துக்கு வெளியே போய்விட்டது.