கடைசி ஆள்

சனிக்கிழமை, அஞ்சே முக்கால்.
சேரன்மகாதேவி தாண்டி
கன்னடியன் கால்வாய் மதகில் பதினொரு பேர்.
ஆவுடைத்தங்கம் சிஸ்டர் தலையை எண்ணி
விசிலைக் கழுத்தில் மாட்டுகிறார்:
"கடைசி ஆள் நடைதான் நம்ம நடை."

கடைசி ஆள் ஜன்னத் பேகம்.
நெஞ்சில் ரெண்டு ஸ்டென்ட்,
காலில் மகனின் பழைய கிரிக்கெட் ஷூ.
வாழைத்தோப்பு முடிவதற்குள்
எனக்குப் பொறுமை போய்விடும்.
கல்லாவில் உட்கார்ந்தே ஊறிய உடம்பு,
சர்க்கரை இருநூற்று எண்பது,
இருந்தும் முந்தி நடப்பேன்.
விசில் இழுத்து நிறுத்தும்.
வயல் சேற்றில் நத்தைகுத்தி நாரையை
வேண்டாவெறுப்பாய்ப் பார்த்து நிற்பேன்.

இந்த வாரம் அவர் மதுரையில், செக்கப்.
இன்றைக்குப் பறக்கலாம் என்றிருந்தேன்.

இரண்டாம் மதகுக்கு முன்னால்
குதிகால் பிடித்துக்கொண்டது.

முன்னே போன ஒன்பது பேரும்
திரும்பிப் பார்க்காமலே நின்றார்கள்.
ஒருவர் இறுகியிருந்த ஷூ கயிற்றை
அவிழ்த்து மறுபடி கட்டினார்.
இன்னொருவருக்கு மேற்கே மலையில்
திடீரென்று மேகம் பிடித்துப்போனது.
சிஸ்டர் விசிலைத் தொடவே இல்லை.

நொண்டி வந்து மதகைத் தொட்டேன்.
பையில் போன் அதிர்ந்தது.
குழுவில் ஜன்னத்:
"இன்னைக்குக் கடைசி யாரு அண்ணாச்சி?"

கண்ணாடி எடுத்துவரவில்லை
என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு
போனை உள்ளே போட்டேன்.