மூடிக் கணக்கு

இந்தப் பருவத்தில் வெளியே போனவை நானூற்றுப் பன்னிரண்டு.
திரும்பியவை முந்நூற்று ஒன்பது.
உஸிட்சே சந்தையில், சனிக்கிழமைகளில்,
பலகைக்குப் பின்னால் நின்றபடியே
ஒவ்வொரு ஜாடியையும் காதருகே வைத்துச் சுண்டிப் பார்ப்பேன்.
விரிசல் உள்ளது இருமும்.
நல்லது பேச ஆரம்பித்து நிறுத்திக்கொள்ளும்.

வெற்று ஜாடிக்கு முப்பது தினார் கழிவு.
ட்ரகோய்லா மட்டும் கழிவு கேட்பதில்லை,
ஜாடி நிறைய ஆணி போட்டுக் கொண்டுவருவாள்,
உன் கொட்டகைக்கு ஆகும் என்பாள்.
துருப்பிடித்த ஆணிகள். கொட்டகையும் அப்படித்தான்.
ஒரு பையன் தலைப்பிரட்டைகளோடு நீட்டினான்.
வியாபாரத்தை அப்படியே விட்டுவிட்டு
ஆற்றுக்குப் போய்க் கொட்டி வந்தேன்.
டீசல் இருந்த ஜாடியை
சாம்பல், சோடா, நான்கு நாள் வெயில் என்று தேய்த்தேன்.
மூக்கை உள்ளே விட்டால்
இன்னும் டிராக்டர் ஓடிக்கொண்டிருந்தது.

பழம் தானாக உதிரும்வரை காத்திருப்போம்.
சர்க்கரை கிடையாது.
செம்புக் கொப்பரையின் கீழே
போன வருடத்துப் பிளம் கொட்டைகள் எரியும்,
வெடித்து வெடித்து, வம்பு பேசுகிற மாதிரி.
நூறு கிலோ ஏற்றினால் விடியும்போது முப்பது இறங்கும்.
மீதி எழுபதும்
பக்கத்து வீட்டுக் கொடியில் காயும் போர்வைகளில் இருக்கிறது.
புகார் வந்ததில்லை.

துடுப்புப் பிடிப்பது ரதிசாவ்.
என் கணவரின் முதல் மனைவிக்குத் தம்பி.
உறவைச் சொன்னால் சந்தை சிரிக்கும்.
அடிப்பிடிக்காமல் கிண்ட
அவனைவிட்டால் ஆளில்லை.

பெல்கிரேடிலிருந்து விஷ்னியா என்றொரு பெண் வந்தாள்,
கையில் படிவம்.
நிரப்பினால் ஒரு பச்சை வில்லை தருவார்களாம்,
'கழிவே இல்லை' என்று ஜாடியில் ஒட்டிக்கொள்ளலாம்.
எதைத் தூக்கி எறிகிறீர்கள் என்றாள்.
ஒன்றுமில்லை என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.
தோல் பன்றிக்கு, கொட்டை அடுப்புக்கு,
சாம்பல் வேருக்கு.
அவள் எழுதிக்கொண்டே போனாள்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை.
கட்டிலுக்குக் கீழே மூட்டை.

மூடிகள்.
ஜாடி எத்தனை முறை வேண்டுமானாலும் பிறக்கும்,
மூடிக்கு ஒரே பிறவி.
உள்விளிம்பு ரப்பர் ஒருமுறை கடித்தபின்
அதற்குப் பல் போய்விடுகிறது.
கொதிக்க வைத்தால் போதும் என்று ரதிசாவ் சாதித்ததில்
போன வருடம் முப்பத்தொரு ஜாடி பூத்தது.
வெள்ளையும் சாம்பலுமாய், கம்பளி போல.
எல்லாவற்றையும் கோடி மரத்தடியில் புதைத்தோம்.
அந்த மரம் நன்றி காட்டவில்லை,
இந்த வருடமும் இலைதான்.

காலையில் விஷ்னியாவைக் கூப்பிட்டுச் சொன்னேன்.
மூடி சின்ன விஷயம்,
அந்தக் கட்டத்தை விட்டுவிடுங்கள் என்றாள், அன்பாகத்தான்.
நான் நிரப்பினேன்:
மூடி. வருடத்துக்கு நானூறுக்கு மேல்.
வில்லை வரவில்லை.

பழைய இரும்பு வாங்கும் முஹரேம்
மூட்டையைத் தூக்கு தராசில் மாட்டினான்.
பத்துக் கிலோ.
ரப்பர் ஒட்டின தகரம், மட்டம்தான் என்று
ஒரு காப்பிக் காசு கொடுத்தான்.
நாலு வருடத்து மனச்சாட்சி.
சர்க்கரை இல்லாமல் குடித்தேன்.

நேற்று ஒரு ஜாடி வந்தது.
யார் வைத்துவிட்டுப் போனார்களோ தெரியாது.
தேய்த்து, துடைத்து, மூடி இறுக்கி.
திறந்தேன்.
'டப்' என்றது.

கொதிநீரில் கழுவி, சூடு ஆறும் முன்
யாரோ மூடியிருக்கிறார்கள்.
உள்ளே ஒன்றுமில்லை.
அந்த ஒன்றுமில்லாததைப்
பழைய மூடி இத்தனை நாள் விடாமல் கடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

ரதிசாவிடம் காட்டவில்லை.
காட்டினால் மறுபடி ஆரம்பிப்பான்.
மூடியை மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்,
நடக்கும்போது
முப்பது தினார் காசோடு உரசுகிறது.