அரை வாளி

வியாழன் மாலை ஆறு மணிக்கு
மீன் ஏலக்கூடத்து மாடியில் கூடுகிறோம்.
பதினாறு படி.
முதல் வாரம் ஏழாவது படியில் நின்று
திரும்பிவிடலாமா என்று பார்த்தேன்.
மேலிருந்து ஒரு குரல்:
"ஏழாவதா? எல்லோரும் அங்கேதான் நிற்போம்.
கைப்பிடியில் பெயின்ட் போயிருக்கும், பார்."
போயிருந்தது.

இருபத்தாறு வருடம்
கலீசியக் கழிமுகத்துச் சேற்றில்
குனிந்து மட்டி வாரியவள் நான்.
கடல் வற்றும் நேரமெல்லாம் என் நேரம்.
ஒரு நவம்பரில் இடுப்பு நிமிர மறுத்தது.
அப்புறம் நிமிர்ந்தது,
மன்னிக்கத்தான் இல்லை.

சந்தியாகோவில் படம் எடுத்தார்கள்.
"படத்தில் ஒன்றுமில்லை" என்றார் டாக்டர்,
நல்ல சேதி சொல்கிறவர் முகத்தோடு.
ஒன்றிலிருந்து பத்துக்குள் எவ்வளவு வலி என்றார்.
ஆறு என்றேன்.
ஏழு என்றால் நடிப்பென்பார்,
ஐந்து என்றால் வீட்டுக்கு அனுப்புவார்.

இங்கே யாரும் எண் கேட்பதில்லை.
"இன்றைக்கு யார் வந்திருக்கிறார்?"
என்று கேட்பாள் ஓபுதுலியா.
குடைச்சல் என்பாள் ஒருத்தி.
மத்தி அடைக்கும் ஆலையில்
விரல்களைத் தேய்த்த ரெமெதியோஸுக்கு
விண்விண்.
"ஈரக் கம்பளிக் கோட்டு" என்பார் பெனிக்னோ,
"பித்தானைத்தான் காணோம்."
யாரும் உச்சுக்கொட்டுவதில்லை.
மழை வருமா என்று கேட்டால் ஆட்டுவதுபோல்
தலையை ஆட்டுவார்கள்.

தோசிந்தா ஒரு சமையல் கடிகாரம் தந்தாள்,
தக்காளி மாதிரி இருக்கும்.
"இருபது நிமிடம். மணி அடித்தால் நிறுத்து.
வலித்தால் அல்ல, அடித்தால்."
வலிக்காதபோது எதற்கு நிறுத்துவானேன்?
"அதற்குத்தான்."

எனக்கு வந்த கோபத்தில்
முதல் நாளே அதைச் சேற்றில் வீசினேன்.
சேற்றுக்குள்ளிருந்து அடித்தது சனியன்.
தேடி எடுக்கக் குனிந்தவள்
இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை.
வியாழக்கிழமை இதைச் சொன்னபோது
ரெமெதியோஸ் விலாவைப் பிடித்துக்கொண்டு
"போதும்டி, இன்றைய கணக்கில்
எனக்கு இன்னும் இரண்டு சிரிப்புதான் பாக்கி" என்றாள்.

லாரி ஓட்டிய அமாரோ உட்காருவதில்லை.
மூன்று மாதமாய் ஜன்னலோரம்
நின்றபடி வந்து நின்றபடி போனான்.
பேசியதில்லை.
மார்ச்சில் ஒரு மாலை, யாரோ மாத்திரை விலையைப் பற்றிப்
புலம்பிக்கொண்டிருக்கையில்
ஓபுதுலியா எழுந்து தன் நாற்காலியை மடக்கினாள்.
பெனிக்னோ மடக்கினார்.
பதினொரு பேர், சுவரில் சாய்ந்தும் கோலூன்றியும்,
வராத பஸ்ஸுக்கு நிற்பவர்கள்போல் நின்றோம்.
கீழே ஏலக்காரன்
விலையை இறக்கிக்கொண்டே வந்தான்:
பதினொன்று, பத்தரை, பத்து...

ஒன்பதில் யாரோ கை தூக்கியிருக்க வேண்டும்,
சத்தம் நின்றது.
அமாரோ கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னான்:
"மகள் கல்யாணத்தில் நின்றுகொண்டே சாப்பிட்டேன்.
குடித்திருக்கிறேன் என்று பேசிக்கொண்டார்கள்.
பேசட்டுமென்று விட்டேன்.
குடிகாரனென்றால்
புரிந்துகொள்ளவாவது செய்கிறார்களே."

எனக்கு அன்று முதுகு
எரிந்துகொண்டிருந்தது.
நாற்காலியை விரிக்கத் தோன்றவில்லை.

போய்விட்டதா என்று கேட்கிறாள் வீகோவிலிருந்து என் தங்கை,
ஞாயிறுதோறும்.
இல்லை.
அவள் மௌனத்தில் ஏமாற்றம் கேட்கிறது,
நான் சரியாகப் படிக்கவில்லை என்பதுபோல்.
அவளுக்கு எப்படிச் சொல்ல,
போகாத ஒன்றோடு
கடைக்குப் போய்வரக் கற்றிருக்கிறேன் என்று?

இன்று காலை அரை வாளி வாரியிருந்தேன்.
தக்காளி அடித்தது.
நிமிர்ந்தேன்.
தண்ணீர் விளிம்புவரை குனிந்த முதுகுகள்.
நடுவே நான் மட்டும் மரம்போல் நிற்க
கூச்சமாகத்தான் இருந்தது.
இன்னும் நன்றாக வாரலாம், வலியே இல்லை,
கை பரபரத்தது.

காற்றில் எங்கோ இன்னொரு மணி.
முந்நூறு அடி தள்ளி
இடுப்பில் கை வைத்து நிமிர்ந்தாள் தோசிந்தா.
என்னைப் பார்த்துக் கையாட்டவில்லை.
பையிலிருந்து ஆரஞ்சை எடுத்து
உரிக்கத் தொடங்கினாள்.